அங்கவடி: குதிரை வீரனின் காலடி நிலம்

திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை போகும் சாலையில் சுமார் 28 கி.மீ. சென்றால் செஞ்சி வந்துவிடும். ராஜகிரி அடிவாரத்தில், கல்யாண மகாலுக்குப் பக்கத்தில், வளைவு வளைவாக நீளும் பழைய கட்டடத்தைக் குதிரை லாயம் என்று காட்டுவார்கள். தேசிங்கு ராஜா என்று விழுப்புரம் வட்டாரமே கொண்டாடும் தேஜ்சிங் ஆண்ட கோட்டை இது. ஆர்க்காட்டு நவாப் சாதத்துல்லா கானின் பெரும்படையை 1714இல் சிறு குதிரைப்படையோடு எதிர்த்து, இளம் வயதிலேயே களத்தில் மாண்டவன் அவன். அவனுடைய பெயரோடு குதிரையின் புகழையும் சேர்த்தே கதைப்பாடல் காப்பாற்றி வந்திருக்கிறது.

பாய்ந்தோடும் குதிரையின் மேல் இருந்துகொண்டு ஒருவனால் எப்படி வாள் வீச முடிகிறது? கடிவாளம் குதிரையைத்தான் அடக்கும், ஆளைத் தாங்காது. அவன் நிலைகுலையாமல் இருக்கப் பெரிதும் உதவுவது, சேணத்தின் இருபுறமும் தோல்வாரில் தொங்கும் அங்கவடி. மேலே வளைவு, கீழே பாதம் ஊன்றத் தட்டையான அடிப்பட்டை. கருவி இவ்வளவுதான்.

அங்கவடி இல்லாவிட்டால் வீரன் தொடைகளால் குதிரையை இறுக்கிப் பிடித்தே உட்கார வேண்டும். வலப்பக்கம் ஓங்கி வெட்டினால் உடம்பும் அந்தப் பக்கமே சாயும். மிதித்து நிமிரக் காலுக்கடியில் எதுவும் இருக்காது. அங்கவடியை ஊன்றியவனோ சேணத்திலிருந்து எழுந்து நின்றே வெட்டலாம். குதிரையின் முதுகு தூக்கிப் போடும்போது முழங்கால்கள் மடங்கி அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும்.

இந்தக் கருவியின் தொடக்கத்தைத் தேடுகிறவர்கள் முதலில் நம் நாட்டுக்குத்தான் வருகிறார்கள். ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முந்தைய சாஞ்சிச் சிற்பங்களில், கால் நுழைக்கும் வார் வளையம் தெரிகிறது. வெறுங்காலோடு சவாரி செய்தவர்கள் பெருவிரலை மட்டும் நுழைக்கும் வளையமும் இங்கே இருந்தது. செருப்பணிந்த பாதத்துக்கு உறுதியான அங்கவடி சீனாவில் உருவானது. அங்கே சாங்ஷா நகரில், கி.பி. 302ஆம் ஆண்டுக் கல்லறையில் கிடைத்த மண்பொம்மைக் குதிரைக்கு இடப்பக்கம் மட்டுமே அங்கவடி உண்டு; ஏறுவதற்கு மட்டும் அது பயன்பட்டிருக்க வேண்டும். 415இல் இறந்த ஃபெங் சூஃபு என்பவரின் கல்லறையில் ஜோடியாகவே கிடைத்தது. மல்பெரி மரத்தில் செய்து, பொன்முலாம் பூசிய வெண்கலத் தகடு போர்த்திய ஜோடி அது. பின்னர் அவார் என்ற இனத்துக் குதிரை வீரர்கள் வழியாக அங்கவடி ஐரோப்பா போய்ச் சேர்ந்தது.

குதிரையின் பக்கத்தையும் பார்க்க வேண்டும். வெறும் துணிமெத்தைமேல் வாரைப் போட்டு அங்கவடியைத் தொங்கவிட்டால், மிதிக்கும் பாரம் முழுவதும் வார் படும் இடத்தில் முதுகெலும்பை அழுத்தும். சேணத்துக்குள் மரச்சட்டம் வைப்பது இதனால்தான். அந்தச் சட்டம் முதுகெலும்பைத் தொடாமல், இருபுறத் தசைகளுக்கும் பாரத்தைப் பகிர்ந்து கொடுக்கும்.

வாரின் நீளத்தை அளக்க எளிய வழி உண்டு. விரல் நுனியை வார் தொடங்கும் கொக்கியில் வைத்துக் கையை நீட்டினால், அங்கவடி அக்குளை எட்ட வேண்டும். இது தோராயக் கணக்கு. ஏறி உட்கார்ந்தபின் சரிபார்த்துக்கொள்ளலாம். சைக்கிள் பெடலை மிதிப்பது போல, முன்பாதம் மட்டுமே அடிப்பட்டையில் இருக்க வேண்டும். குதிகால் சற்றே தாழ்ந்திருந்தால் பாதம் முன்னோக்கி நழுவாது.

நழுவினால்தான் ஆபத்து. விழுகிறவரின் பாதம் வளையத்தில் மாட்டிக்கொண்டால், மிரண்ட குதிரை அவரைத் தரையோடு இழுத்துக்கொண்டே ஓடும். ஆகவே காலைத் தாங்குவது போலவே தக்க நேரத்தில் அதை விட்டுவிடுவதும் அங்கவடியின் கடமை. பாதத்தைவிடச் சற்று அகலமாக அதைச் செய்வதும், விழும்போது கழன்றுகொள்ளும் ரப்பர் வளையத்தைச் சிலவற்றின் வெளிப்பக்கத்தில் பொருத்துவதும் இதற்காகவே.

மெரினாவில் பிள்ளைகளைக் குதிரையில் ஏற்றிவிடும்போது இதை நினைவில் வையுங்கள். கால் எட்டவில்லை என்று பிஞ்சுப் பாதத்தைத் தோல்வாருக்குள் செருகிவிடக் கூடாது. வாரைக் குட்டையாக்கித் தரச் சொல்லுங்கள். முடியாது என்றால் பிள்ளையின் காலைத் தொங்கவிட்டு, நீங்கள் பக்கத்திலேயே பிடித்தபடி நடந்து செல்லுங்கள்.