செப்பேட்டு மூலபாடமும் சொற்செயலிக் குறுநிரலும்: திருவாலங்காட்டுச் செப்பேடுகளை முன்வைத்து

முன்னுரை

திருவள்ளூர் மாவட்டம் திருவாலங்காட்டில் 1905ஆம் ஆண்டு கண்டெடுக்கப்பெற்ற செப்பேடுகள் 31 இதழ்களைக் கொண்டவை. முதலாம் இராசேந்திர சோழன் தன் ஆறாம் ஆட்சியாண்டில் பழையனூரைத் திருவாலங்காட்டு இறைவனுக்குக் கொடையளித்த செய்தியை இவை கூறுகின்றன. வடமொழிப் பகுதி கிரந்த எழுத்தில் அமைந்தது. தென்னிந்தியக் கல்வெட்டுகள் மூன்றாம் தொகுதியில் எச். கிருஷ்ண சாஸ்திரி பதிப்பித்த இம்மூலபாடத்தைச் சோழர் வரலாற்று ஆய்வேடுகள் பலவும் எடுத்தாள்கின்றன. இத்தகைய மூலபாடங்களைக் கொண்ட, பாமினி முதலிய பழைய எழுத்துருக்களில் தட்டச்சிடப்பெற்ற ஆய்வேடுகளை ஒருங்குறிக்கு மாற்றுகையில், சொற்செயலியை நிரல்வழி இயக்கும் முறை எங்குப் பயன்படுகிறது, எங்கு இடறுகிறது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

எழுத்துருவும் நிரலும்

பாமினியில் 'தமிழ்' என்னும் சொல் ஜே, கே, பி, ஓ ஆகிய நான்கு ஆங்கில எழுத்துகளாலும் ஓர் அரைப்புள்ளியாலும் பதிவாகிறது. எனவே, வெற்று உரையாக நகலெடுத்து மாற்றினால் ஆய்வேட்டில் இடையிடையே உள்ள ஆங்கிலத் தொடர்களும் தமிழாகச் சிதையும். சொற்செயலிக்குள் இயங்கும் மேக்ரோவோ ஒவ்வொரு சொல்லின் எழுத்துருப் பெயரையும் ஆவணத்திடமே கேட்டறிய வல்லது. விசைகளை அழுத்துவதுபோல் பாவனை செய்யும் நிரல்களுக்கு இவ்வறிவு இல்லை; சாளரம் சற்று இடம்பெயர்ந்தாலே அவை தடுமாறும். வேர்டில் 1997 முதல் விசுவல் பேசிக் வழியாகவும், லிபர் ஆபீசில் பைத்தான் வழியாகவும் இவ்வாறு ஆவணத்தோடு நேரடியாக உரையாடலாம்.

மாற்றும் வரிசையில் கவனம் வேண்டும். 'கொ' என்பது கொம்பு, ககரம், கால் என மூன்று குறியீடுகளாக இருப்பதால், ககரத்தையும் காலையும் முதலில் இணைத்துவிட்டால் கொம்பு தனித்து நிற்கும். ஆகவே நீண்ட கூட்டுகளையே முதலில் மாற்ற வேண்டும் என்பது பொதுவிதி. இவ்விதியே ஒரு பிழைக்கும் காரணமாகிறது. ஔகாரக் குறியின் பின்பகுதிக்கும் ளகரத்திற்கும் பாமினியில் ஒரே குறியீடு. சோழர் நிலக்கொடைச் சாசனங்களில் பயிலும் 'வெள்ளான் வகை' என்ற தொடரில் கொம்பு, வகரம், ளகரம் ஆகிய மூன்றையும் நிரல் 'வௌ' எனக் கொள்ள, அடுத்த புள்ளி ஒட்ட இடமின்றித் தொங்கும். பின்வருவது புள்ளியோ உயிர்க்குறியோ எனில் அது ளகரமே என்னும் நிபந்தனையை முன்னரே சேர்ப்பது இதற்குத் தீர்வு.

அடிக்குறிப்புகளையும் மறத்தலாகாது. ஆவணத்தின் முதன்மை உரையில் மட்டும் தேடும் மேக்ரோ அடிக்குறிப்புகளைத் தொடுவதில்லை. அவற்றை நிரலில் தனியே சுட்ட வேண்டும். மா, காணி, முந்திரி முதலிய பின்னக் குறியீடுகள் 2019இல் வெளிவந்த ஒருங்குறி 12.0இலும், கிரந்தம் 2014இன் 7.0இலும் இடம்பெற்றன. இவை அடிப்படைத் தளத்திற்கு அப்பாற்பட்டவை. ஆதலின் விசுவல் பேசிக்கில் ஒவ்வொன்றையும் இரண்டு குறியெண்களாகப் பிரித்தே எழுத வேண்டும்.

மூலபாடக் காப்பு

மேலும் கடுமையான இடர் ஒன்றுண்டு. சந்திப்பிழை திருத்தும் மேக்ரோவை ஆவணம் முழுவதும் ஓடவிட்டால், ஆய்வாளரின் உரைநடையோடு சாசன வாசகமும் திருந்திவிடும். செப்பேடு வெட்டியவன் புள்ளியிடாமல் விட்டதும் வல்லினம் மிகாமல் எழுதியதும் ஆய்வுக்குரிய சான்றுகளே. அவை மறைந்த பின்னர், பக்கத்தைப் பார்த்து ஒருவரும் கண்டறிய இயலாது. மேற்கோள் பத்திகளுக்கெல்லாம் 'மூலபாடம்' எனத் தனிப் பாணி ஒன்றை அமைத்து, அப்பாணியுடைய பத்திகளைத் தவிர்க்குமாறு நிரலுக்கு ஆணையிடலாம். மாற்றங்களைப் பதியும் வசதியை இயக்கிய நிலையிலேயே நிரலை ஓட்டினால், ஒவ்வொரு திருத்தத்தையும் ஆய்வாளர் ஏற்கவோ தள்ளவோ வாய்ப்பு எஞ்சும்.

இத்தகைய நிரலைப் பிறருக்கு வழங்குவதிலும் ஒரு நடைமுறைச் சிக்கல் உள்ளது. 1999இல் மெலிசா நச்சுநிரல் வேர்டு மேக்ரோ வழியாகவே பரவியது. இணையத்திலிருந்து பெறப்படும் கோப்புகளின் மேக்ரோக்களை மைக்ரோசாப்ட் 2022 முதல் இயல்பாகவே தடுக்கிறது. ஆகவே நிரலை வெற்று உரையாக அனுப்பி, பெறுபவர் படித்துப் பார்த்துத் தம் கணினியில் ஒட்டிக்கொள்வதே தக்கது. முதல் ஓட்டம் ஆய்வேட்டின் படியொன்றில் நிகழ வேண்டும்.