பள்ளிக்கூடத் தோட்டம் வாடாமலிருக்க ஒரு செய்திமடல்

பள்ளிக்கூடங்களில் காய்கறித் தோட்டம் போடுவது புதிய விஷயமல்ல. ஜூன் மாதம் பாத்தி கட்டி, விதை தூவி, பிள்ளைகளை வரிசையாக நிறுத்திப் படமும் எடுத்துக்கொள்கிறோம். மார்ச் வரை ஏதோ ஒரு ஆசிரியரின் ஆர்வத்தில் அது பசுமையாக இருக்கும். ஏப்ரல் கடைசியில் கேட் பூட்டப்பட்டால், மறு ஜூனில் காய்ந்த குச்சிகள்தான் மிஞ்சும். அந்த ஆசிரியரும் மாறுதலாகிப் போய்விட்டால் கதை முடிந்தது. எந்த மூலையில் உப்புத் தண்ணீர் தேங்கும், எந்த விதை முளைத்தது, எதை எறும்பு தின்றது என்று அவர் மூன்று வருடம் பட்டறிந்ததெல்லாம் அவரோடு போய்விடுகிறது. அடுத்து வருபவர் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

நிலமோ விதையோ இல்லாமல் தோட்டங்கள் அழிவதைவிட, தெரிந்ததை எழுதி வைக்காததால் அழிவதே அதிகம். இதற்குச் செலவில்லாத வழி ஒன்று இருக்கிறது. அக்கம்பக்கத்து நான்கைந்து பள்ளிக்கூடங்கள் சேர்ந்து மாதம் ஒரு தாள் செய்திமடல் நடத்துவது.

பண்ணையையும் பள்ளிக்கூடத்தையும் இணைக்கும் முயற்சிகள் உலகில் பல இடங்களில் நடக்கின்றன. அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில், பெர்க்லி நகரின் ஒரு நடுநிலைப் பள்ளியில் 1995-இல் ஆலிஸ் வாட்டர்ஸ் என்ற உணவக உரிமையாளர் தோட்டமும் சமையல் வகுப்பும் தொடங்கி வைத்தது பரவலாக அறியப்பட்ட உதாரணம். அங்கே இந்தப் பணிக்கு மூன்று கால்கள் என்பார்கள்: உள்ளூர் விவசாயியின் விளைச்சல் பிள்ளைகளின் தட்டுக்கு வருவது, வளாகத்தில் தோட்டம், உணவைப் பற்றிய பாடம். 1956-இல் காமராசர் ஆட்சியில் மதிய உணவையும், 1982-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவையும் கண்ட நமக்கு, தட்டில் உணவு வைப்பதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்தக் காய் எங்கிருந்து வருகிறது என்பதைப் பிள்ளைக்குக் காட்டுவதில்தான் நாம் பின்தங்கியிருக்கிறோம்.

இங்கே ஒரு கணக்கைச் சொல்லிவிட வேண்டும். மத்திய அரசின் மதிய உணவு விதிப்படி தொடக்கப் பள்ளிப் பிள்ளை ஒருவருக்கு நாளொன்றுக்கு 50 கிராம் காய்கறி, நடுநிலைப் பிள்ளைக்கு 75 கிராம். நூறு சிறுபிள்ளைகள் என்றால் தினம் 5 கிலோ; இருபது வேலை நாளுக்கு 100 கிலோ. நான்கு பாத்தியில் இது விளையாது. 'தோட்டம் போட்டால் சமையலறைக்குக் காய் வாங்க வேண்டாம்' என்று சொல்லித் தொடங்குகிறவர்கள் இரண்டாம் மாதமே சலித்துப்போவது இதனால்தான். தோட்டம் கற்றுத்தருவதற்கு. சமையலறையை நிரப்ப ஊர் விவசாயி வேண்டும். ஆகவே மடலில் அவருக்கும் ஒரு பத்தி ஒதுக்குங்கள். இந்த மாதம் என்ன காய் மலிவு, எது எப்போது வரத்து என்று அவர் இரண்டு வரி சொன்னால் அது சத்துணவு அமைப்பாளருக்கு நேரடியாகப் பயன்படும்.

யார் எழுதுவது? ஆசிரியர்கள் மட்டும் எழுதினால் அது சுற்றறிக்கை ஆகிவிடும். ஒவ்வொரு பள்ளிக்கூடமும் நாலு குறிப்பு அனுப்பட்டும்: பிள்ளைகளுடையது ஒன்று, சமையல் செய்பவருடையது ஒன்று, பெற்றோருடையது ஒன்று, பொறுப்பாசிரியருடையது ஒன்று. எழுத வராத உம்மம்மா சொல்வதை எட்டாம் வகுப்புப் பேத்தி எழுதிக்கொடுக்கலாம். பொன்னாங்கண்ணிக் கீரையின் தண்டை ஊன்றினாலே வேர்விடும் என்பது பாடப்புத்தகத்தைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.

குறிப்பில் தேதி, அளவு, நடந்தது மூன்றும் இருக்க வேண்டும். 'கீரை நன்றாக வந்தது' என்பதால் யாருக்கும் பயனில்லை. 'ஜூலை 3-இல் சிறுகீரை விதைத்தோம், 24-ஆம் நாள் பறித்தோம், இரண்டு கிலோ, அன்றே சாம்பாரில் போட்டார்கள், மூன்று பிள்ளைகள் ஒதுக்கி வைத்தார்கள்' என்றால் அடுத்த பள்ளிக்கூடம் அதைப் பார்த்து விதைக்கும். செத்துப்போன செடியைப் பற்றியும் எழுதச் சொல்லுங்கள். தலைமையாசிரியர்கள் சிலருக்கு இது பிடிக்காது. ஆனால் நாலு இடத்திலும் வெண்டைக்கு ஒரே வாரத்தில் இலை மஞ்சளாகி நரம்பு தெரிந்தால், அது யாருடைய கவனக்குறைவும் அல்ல, நோய் என்று அப்போதுதான் புரியும். இப்படிப்பட்ட இடத்தில் சொந்த வைத்தியத்தை அச்சடிக்காமல், வேளாண் அறிவியல் நிலையத்திலோ தோட்டக்கலைத் துறை அலுவலகத்திலோ கேட்டுப் போட வேண்டும்.

தொகுப்பாசிரியர் பொறுப்பு பள்ளிக்கூடத்துக்குப் பள்ளிக்கூடம் சுற்றி வரலாம். வெளிவரும் தேதி மட்டும் மாறக்கூடாது. குறிப்பு வராத பள்ளிக்கூடத்துக்காகக் காத்திருந்தால் மடல் நின்றுபோகும். வந்ததைப் போட்டு வெளியிடுங்கள், அடுத்த மாதம் தானாக வரும். ஒரே தாளை இருபுறமும் அச்சடித்து மடித்தால் நாலு பக்கம். அதற்கு மேல் வேண்டாம். பிள்ளைகளின் படம் போடப் பெற்றோரிடம் அனுமதி வாங்குங்கள். உரம், பூச்சிமருந்துக் கடை விளம்பரத்தைத் தவிர்ப்பது நல்லது. விளம்பரம் தந்தவரின் சரக்கைக் குறை சொல்ல நமக்கு வாய் வராது.

நம் ஊர்களில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். ரமலான் ஆண்டுதோறும் பத்துப் பதினோரு நாள் முன்னே நகர்கிறது. மாலையில் தண்ணீர் ஊற்றும் பெற்றோர் இஃப்தார் வேலையில் இருப்பார்கள். அந்த மாதத்துக்கு நீர் ஊற்றும் முறையைக் காலைக்கு மாற்றி முந்தைய இதழிலேயே போட்டுவிடுங்கள்.

எல்லா இதழிலும் முக்கியமானது ஏப்ரல் இதழ். விடுமுறையில் எந்த வாரம் எந்தக் குடும்பம் தண்ணீர் ஊற்றும், கேட் சாவி யாரிடம், எடுத்து வைத்த விதை எந்த டப்பாவில், முருங்கை, கறிவேப்பிலை தவிர எதைப் பிடுங்கிவிடலாம் என்று அதில் இருக்க வேண்டும். பொறுப்பாசிரியருக்கு மாறுதல் வரும் என்று தெரிந்தால் அவருடைய மூன்று வருட அனுபவத்துக்கு அந்த இதழில் ஒரு முழுப் பக்கம் கொடுத்துவிடுங்கள். ஆண்டின் எல்லா இதழ்களையும் நூல் கோத்து அலுவலக அலமாரியில் வைத்தால், ஜூனில் வரும் புது ஆசிரியர் முதல் நாளே அதை எடுத்துப் படிக்கலாம்.