ஐஸ் தண்ணீர் கொடுத்துப் பிழைத்த ஊர்



சுற்றுலா என்றதும் மலை, கடல், அருவி, கோயில் என்றுதான் நமக்கு நினைவு வரும். இவற்றில் ஒன்றுகூட இல்லாத ஓர் ஊருக்கு வெளியாள் வந்தால் என்ன செய்வார்? எதற்காக வண்டியை நிறுத்துவார்? நிறுத்தினாலும் கல்லாவில் காசு விழுமா? அமெரிக்காவில் தெற்கு டகோடா மாநிலத்தில் உள்ள வால் என்ற சிற்றூரை வைத்து இதை விளக்க நினைக்கிறேன். என் மகன் மினியாபோலிஸ் நகரில் வேலையில் இருக்கிறான். அவன் குடும்பத்தோடு ஒரு கோடையில் காரில் மேற்கே போனபோது இந்த ஊரில் ஒன்றரை நாள் தங்கினேன். மற்றவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். நான் கடை பார்த்தேன்.

வால் என்றால் நாம் நினைக்கும் வால் அல்ல, ஆங்கிலத்தில் சுவர். ஊருக்குத் தெற்கே மண்மலை ஒன்று மதில்போல நீண்டு நிற்பதால் அந்தப் பெயர். 1907இல் ரயில் வந்தபோது உண்டான ஊர். 2020 மக்கள்தொகைக் கணக்கில் சுமார் 700 பேர். சுற்றிலும் பிரெய்ரி எனப்படும் புல்வெளிச் சமவெளி. கோதுமை, மாடு, தானியம் சேர்க்கும் உயரமான கிடங்குகள், காற்று. இவ்வளவுதான். கிழக்கே சூஃபால்ஸ் நகரிலிருந்து 90ஆம் எண் நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 285 மைல், அதாவது சுமார் 460 கிலோமீட்டர் வந்தால் இந்த ஊருக்குத் திரும்பும் 110ஆம் எண் வழி வரும். அங்கே இந்த எண்கள் மைல் கணக்கிலேயே இருப்பதால் எவ்வளவு தூரம் பாக்கி என்று மனக்கணக்காகச் சொல்லிவிடலாம். வழியில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ள வேண்டும். நேர மண்டலம் மாறுகிறது. பயணிக்கு ஒரு மணி நேரம் லாபம்!

இந்த 700 பேர் ஊருக்கு ஆண்டுக்கு 20 லட்சம் பேர் வந்து போகிறார்கள் என்று ஊர்க்காரர்கள் சொல்கிறார்கள். காரணம் ஒரு மருந்துக்கடை.

டெட் ஹஸ்டெட் என்பவர் நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் மருந்தியல் படித்தவர். தகப்பனார் வைத்துவிட்டுப் போன 3,000 டாலர்தான் கைமுதல். அதை வைத்து 1931 டிசம்பரில் வால் ஊரில் இருந்த மருந்துக்கடையை வாங்கினார். காலம் எப்படிப்பட்டது என்று பாருங்கள். உலகமே பொருளாதார மந்தத்தில் கிடக்கிறது. டகோடாவில் மழை பொய்த்து, உழுத மண் காற்றில் பறக்கிறது. ஊரில் சில நூறு பேர். அவர்கள் கையிலும் காசு இல்லை. உறவினர்கள் வேண்டாம் என்றார்கள். ஐந்து ஆண்டு பார்ப்பது, தேறாவிட்டால் மூட்டை கட்டிவிடுவது என்று கணவனும் மனைவியும் பேசி முடிவு செய்தார்கள்.

நாலரை ஆண்டு கழிந்தும் வியாபாரம் தேறவில்லை. ஈ ஓட்டினார்கள் என்று நாம் சொல்வது அவர்களுக்கு அப்படியே பொருந்தும். 1936 ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. டாரதி அம்மையார் கடையைக் கணவரிடம் விட்டுவிட்டுக் குழந்தைகளோடு சற்றுக் கண் அயரலாம் என்று வீட்டுக்குப் போனார். நெடுஞ்சாலையில் போகும் கார்களின் சத்தத்தில் தூக்கம் வரவில்லை. ஒரு மணி நேரத்தில் எழுந்து கடைக்கே வந்துவிட்டார். ஆள் இல்லை என்கிறோமே, இத்தனை வண்டி போகிறதே, வெயிலில் புழுதியில் வரும் இவர்களுக்கு இந்த நேரத்தில் எது வேண்டும்? குளிர்ந்த தண்ணீர். நம்மிடம் ஐஸும் உண்டு, தண்ணீரும் உண்டு. இலவசம் என்று எழுதிச் சாலையில் வைத்தால் என்ன என்று கேட்டார்.

அந்த நாளில் பர்மா ஷேவ் என்ற சவரக் கிரீம் கம்பெனி, ஒரு பாட்டைத் துண்டு துண்டாகப் பல பலகையில் எழுதிச் சாலையோரம் வரிசையாக நட்டு விளம்பரம் செய்துவந்தது. அதைப் பார்த்து டாரதியும் நாலு வரி கட்டினார். அடுத்த வாரமே ஹஸ்டெட் ஒரு பள்ளிக்கூடப் பையனைத் துணைக்கு வைத்துக்கொண்டு பலகைகளை நட்டுவிட்டு வந்தார். வந்து பார்த்தால் அவருக்கு முன்பே கார்கள் கடை வாசலில் நிற்கின்றன! அடுத்த கோடையில் கூட்டத்தைச் சமாளிக்க எட்டுப் பெண்களை வேலைக்கு வைத்தார்கள்.

இதில் வியாபாரிகள் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. தண்ணீர் மட்டும் ஆளைக் கொண்டுவரவில்லை. அந்த ஊருக்கு மேற்கே சுமார் 80 மைலில் ரஷ்மோர் மலையில் நான்கு ஜனாதிபதிகளின் முகங்களைச் செதுக்கும் வேலை 1927இல் தொடங்கி 1941 வரை நடந்தது. அதைப் பார்க்கப் போகும் நடை ஏற்கெனவே சாலையில் இருந்தது. நடையை உண்டாக்குவது வேறு. போகிற நடையைத் திருப்புவது வேறு. சிறிய முதல் உள்ளவனால் இரண்டாவதுதான் முடியும். ஒரு தம்ளர் தண்ணீர் குடித்தவன் ஐஸ்கிரீம் வாங்கினான், குழந்தைக்குத் தொப்பி வாங்கினான், தலைவலி மாத்திரை வாங்கினான்.

இன்று அந்தக் கடை ஊரின் ஒரு பக்கத்தையே அடைத்துக்கொண்டு நிற்கிறது. மருந்துப் பிரிவு உண்டு. அதோடு தோல் செருப்பு, பூட்ஸ், தொப்பி, நகை, புத்தகம், மிட்டாய், நூற்றுக்கணக்கானோர் உட்காரும் சாப்பாட்டுக் கூடம். அதன் சுவர்களில் மேற்குப் பகுதி வாழ்க்கையைக் காட்டும் அசல் ஓவியங்கள். வழிப்போக்கர் உட்கார்ந்து பிரார்த்தனை செய்ய ஒரு சிற்றாலயம். பின்கட்டில் கொம்பு முளைத்த முயல் பொம்மை. ஜாக்கலோப் என்று பெயர். அப்படி ஒரு பிராணி உலகத்தில் கிடையாது. ஆனால் அதன்மேல் ஏறிப் படம் எடுக்க வரிசை நிற்கிறது. குறித்த நேரத்துக்கு ஒரு தடவை உறுமிப் புகை விடும் டைனோசர் தலையும் உண்டு. காபி இன்றும் 5 சென்ட். யாரும் கேட்பதில்லை, பெட்டியில் நாமே போட வேண்டும். இந்தக் காபியில் லாபம் இருக்க வழியே இல்லை. ஆனால் காபி குடிக்கிறவர் சும்மா குடிப்பதில்லையே! கூடவே டோனட் வாங்குகிறார். அங்கேயே சுடுகிறார்கள், நன்றாகவே இருக்கிறது. தண்ணீர் இன்றும் இலவசம். காருக்கு ஒட்டும் விளம்பரச் சீட்டும் இலவசம். நம் கொசுறு போலத்தான். ஆனால் அந்தக் கொசுறு ஆயிரம் மைல் ஓடி அவர்களுக்கே விளம்பரம் செய்கிறது.

சரக்கு எல்லாமே தரம் என்று நான் சொல்லமாட்டேன். பாதிக்கு மேல் பொம்மை, சாவிக்கொத்து, கைக்குட்டை வகையறா. செவ்விந்தியர் பொம்மைகளை வேடிக்கைப் பொருளாக வைத்திருப்பதும் எனக்கு ஒப்பவில்லை. அந்தப் பூமி லக்கோட்டா மக்களுடையது. ஊருக்குத் தெற்கே, காரில் இரண்டு மணி நேரத்துக்குள் போகக்கூடிய வூண்டட் நீ என்ற இடத்தில்தான் 1890 டிசம்பர் 29 அன்று அமெரிக்கப் படை இருநூற்றைம்பதுக்கும் மேற்பட்ட லக்கோட்டா ஆண், பெண், குழந்தைகளைச் சுட்டுக் கொன்றது. வருகிறவர் அதையும் தெரிந்துகொண்டு போவது நல்லது.

1965இல் அவர்களுக்கு ஒரு சோதனை வந்தது. நெடுஞ்சாலைகளை அழகுபடுத்தும் சட்டம் ஒன்றை ஜனாதிபதி ஜான்சன் கொண்டுவந்தார். சாலையோர விளம்பரப் பலகைகளுக்குக் கட்டுப்பாடு. பலகையாலேயே வாழ்ந்த கடைக்கு இது கழுத்தில் கத்தி. அப்போது மகன் பில் ஹஸ்டெட் தொழிலில் இருந்தார், 1951இல் சேர்ந்தவர். அவர்கள் புலம்பிக்கொண்டு உட்காரவில்லை. நெடுஞ்சாலையிலிருந்து கண்ணில் படும்படி 80 அடி நீள டைனோசர் சிலை ஒன்றை நிறுத்தினார்கள். எமட் சல்லிவன் என்ற சிற்பி செய்தது. லண்டன் போன்ற தூரதேசங்களிலும் விளம்பரம் வைத்தார்கள். டகோடாவில் உள்ள மருந்துக்கடைக்கு லண்டனில் எதற்கு விளம்பரம் என்று பத்திரிகைக்காரர்கள் எழுத, அது பெரிய விளம்பரமானது. கடையின் பெயரும் இத்தனை மைல் என்ற கணக்கும் எழுதிய பலகையை வாடிக்கையாளர்களே எடுத்துப்போய்த் தென்துருவம் வரை நட்டிருக்கிறார்கள். டெட் ஹஸ்டெட் 1999இல் காலமானபோது மாநில ஆளுநர் தம் ஆண்டு உரையிலேயே அவரை நினைவுகூர்ந்தார். இன்று நான்காம் தலைமுறை நடத்துகிறது.

கடையை விட்டு வெளியே வந்தால்? பெரிய விஷயம் ஊருக்குத் தெற்கே பத்து மைலுக்குள் இருக்கிறது. பேட்லேண்ட்ஸ் தேசியப் பூங்கா. கெட்ட நிலம் என்று பொருள். லக்கோட்டா மொழியிலும் அதே பொருள்தான். மழையும் காற்றும் அரித்து மண் முழுக்கக் கூர் கூராக, வரி வரியாக நிற்கிறது. ஆண்டுக்கு ஏறத்தாழ ஓர் அங்குலம் கரைகிறதாம். 240ஆம் எண் சாலையில் நிறுத்தி நிறுத்திப் பார்த்துக்கொண்டு போக அரை நாள் பிடிக்கும். கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த விலங்குகளின் எலும்பு அங்கே கிடைக்கிறது. 2010இல் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி, பார்வையாளர் மையத்துக்குப் பக்கத்திலேயே கத்திப்பல் பூனை இனத்து மண்டை ஓட்டைக் கண்டுபிடித்தாள். காட்டெருமை, கொம்புச் செம்மறி, பிரெய்ரி நாய் எல்லாம் உண்டு. பிரெய்ரி நாய் நாயல்ல, அணில் இனம். வளைவாசலில் நின்று குரைப்பது போலக் கத்துவதால் அந்தப் பெயர். பேரப்பிள்ளைகள் அங்கிருந்து நகர மறுத்தார்கள்.

கிழக்கே ஆறு மைலில் 116ஆம் எண் வழியில் இறங்கினால் வேறு மாதிரி காட்சி. அணுகுண்டு ஏவுகணை ஒன்று பூமிக்குள் நிற்கிறது. கண்ணாடி மூடி வழியாகக் குனிந்து பார்க்கலாம். ரஷ்யாவோடு பனிப்போர் நடந்த காலத்தில், 1963 முதல், இந்த மாடு மேய்கிற நிலத்துக்கு அடியில் 150 ஏவுகணைகள் இருந்தன. 1991 உடன்படிக்கைக்குப் பிறகு எடுத்துவிட்டார்கள். பார்வைக்கென்று வைத்திருப்பதில் குண்டு இல்லை. காவல் அறையின் இரும்புக் கதவில், அரை மணிக்குள் உலகெங்கும் கொண்டுவந்து சேர்ப்போம் என்ற பொருளில், பீட்சா கடை விளம்பரத்தைக் கேலி செய்து சிப்பாய்கள் படம் வரைந்திருக்கிறார்கள். அந்த அறைக்குப் போக முன்பதிவு வேண்டும்.

மழை வந்தால் ஊருக்குள்ளேயே புல்வெளிகளைப் பற்றிய அரசு விளக்க மையம் இருக்கிறது. சிறியது. ஆனால் வெறும் புல் என்று நினைத்ததில் எத்தனை வகை, வேர் எத்தனை ஆழம் என்று பார்த்தால், 1930களில் அதை உழுது போட்டதும் மண் ஏன் பறந்தது என்பது விளங்கும்.

எல்லாப் புல்வெளி ஊருக்கும் இந்த யோகம் இல்லை. பண்ணைகள் பெரிதாகிப் பெரிதாகி, உழுகிற குடும்பம் குறைந்தது. பிள்ளைகள் நகரத்துக்குப் போனார்கள். நெடுஞ்சாலை ஊருக்கு வெளியே போனதும் கடைவீதி வெறிச்சோடியது. மளிகைக்கடைக்காரர் வயதானதும் வாங்க ஆள் இல்லாமல் பூட்டுகிறார். அதன் பிறகு ஒரு பால் புட்டிக்கு முப்பது, நாற்பது மைல் போக வேண்டும். வழியில் இப்படி இரண்டு ஊர்களைப் பார்த்தேன். பூட்டிய கதவில் பழைய விலைப்பட்டியல் அப்படியே ஒட்டியிருந்தது. ஏனோ நெடுநேரம் அதைப் பற்றியே யோசித்துக்கொண்டு வந்தேன்.

அரசாங்கத்துக்கும் இதில் அக்கறை உண்டு. தெற்கு டகோடாவில் தனிநபருக்கு மாநில வருமான வரி கிடையாது. விற்பனை வரிதான் பெரும் வருவாய். வெளியூர்க்காரன் தொப்பி வாங்கினால் மாநிலத்துக்குக் காசு. தபாலிலும் கம்ப்யூட்டரிலும் விற்கும் வெளிமாநில வியாபாரி வரி கட்டாமல் போனால் நஷ்டம்; வரி வசூலித்து விற்கும் உள்ளூர்க் கடைக்கும் அநியாயப் போட்டி. ஆகவே வேஃபேர் என்ற கம்பெனி மேல் வழக்குப் போட்டு, 2018 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் வென்றார்கள். அந்தத் தீர்ப்பு அமெரிக்கா முழுவதற்கும் வழி திறந்துவிட்டது.

வால் ஊருக்கும் கஷ்டம் இல்லாமல் இல்லை. வியாபாரம் கோடை மூன்று, நாலு மாதம்தான். குளிர்காலத்தில் பனிக்காற்று, சாலையையே மூடிவிடுவார்கள். அந்த நாலு மாத வரவில் பன்னிரண்டு மாதச் செலவை ஓட்ட வேண்டும். கோடையில் வேலைக்கு உள்ளூர் ஆள் போதாமல் வெளிநாட்டுக் கல்லூரி மாணவர்களைத் தங்க இடம் கொடுத்து வரவழைக்கிறார்கள்.

யாருக்காவது பிள்ளைகள் அந்தப் பக்கம் இருந்து, போகிற வாய்ப்பு வந்தால் ஜூன் முதல் வாரமோ செப்டம்பரோ நல்லது. ஜூலை வெயில் நம் ஊர் வெயிலுக்குக் குறைந்ததல்ல. பேட்லேண்ட்ஸைக் காலை வெயிலிலும் மாலை வெயிலிலும் பாருங்கள், நிறம் மாறும். நடுப்பகலில் கடைக்குள் இருங்கள். சைவ உணவுக்காரர்கள் கையில் கொஞ்சம் புளியோதரை எடுத்துப்போவது உத்தமம். நாங்கள் போனபோது டோனட்டும் காபியும் தவிர எனக்குச் சரிப்பட்டது அதிகம் இல்லை.