சைக்கிள் பாடம் – 8: பழைய செயினை அதற்குள் தூக்கிப் போடாதீர்கள்

புதுச் செயினை வாங்கி வந்ததும் கை பரபரக்கும். பழையதைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதியதை மாட்டிவிடத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். எத்தனை கண்ணி வேண்டும், பின்சக்கரத்து ஃப்ரீவீலையும் சேர்த்து மாற்ற வேண்டுமா, மூடிய செயின் கவருக்குள் புதியதை எப்படி நுழைப்பது? மூன்றுக்கும் விடை அந்தப் பிசுக்கேறிய பழைய செயினிடம்தான் இருக்கிறது.

முதலில் தேய்மானம். ‘செயின் நீண்டுவிட்டது’ என்று கடையில் சொல்வார்கள். தகடுகள் இழுபட்டு நீள்வதில்லை. கண்ணிக்கும் கண்ணிக்கும் நடுவே ஓர் ஆணி இருக்கிறது. அது ஒரு குழாய் போன்ற புஷ்ஷுக்குள் திரும்புகிறது. புஷ்ஷுக்கு வெளியே ரோலர் சுழல்கிறது. இந்த அமைப்புக்கு 1880இல் உருவம் கொடுத்தவர் மான்செஸ்டரில் தொழில் செய்த ஹான்ஸ் ரெனால்ட். அதற்கு முந்தைய செயின்களில் சுமை முழுவதும் மெல்லிய தகடுகளின் ஓட்டை விளிம்பில் விழுந்தது. புஷ் வந்த பிறகு அந்தச் சுமை ஆணியின் நீளம் முழுவதும் பரவியது. ஐந்தே ஆண்டில், 1885இல், கோவென்ட்ரி நகரில் ஜான் கெம்ப் ஸ்டார்லி உருவாக்கிய ரோவர் சைக்கிளின் பின்சக்கரத்தைச் செயின்தான் ஓட்டியது. இன்று நாம் ஓட்டும் சைக்கிளின் வடிவம் அங்கிருந்து வந்தது.

மண்ணும் தூசியும் புகுந்து அந்த ஆணியும் புஷ்ஷும் உராய்ந்து தேய்கின்றன. நம் செயினில் ஓர் ஆணிக்கும் அடுத்த ஆணிக்கும் இடையே அரை அங்குலம், அதாவது 12.7 மில்லிமீட்டர். ஒவ்வொரு மூட்டிலும் 0.127 மில்லிமீட்டர் தேய்ந்தால் கண்ணுக்கே தெரியாது. 112 கண்ணி உள்ள செயினில் அவை எல்லாம் கூடினால் 14 மில்லிமீட்டர். ஒரு கண்ணிக்கும் மேல்! ஆகவே பழைய செயினையும் புதியதையும் அருகருகே தொங்கவிட்டு நீளம் பார்த்து வெட்டாதீர்கள். கண்ணிகளை எண்ணுங்கள், இரு முனைகளையும் இணைக்கும் லாக் கண்ணியையும் சேர்த்து. அகலக் கண்ணியும் குறுகல் கண்ணியும் மாறி மாறி வருவதால் எண்ணிக்கை இரட்டைப்படையில் இருக்கும். புதியதில் கூடுதலாக இருப்பதைச் செயின் கட்டர் கொண்டு ஆணியைத் தள்ளி எடுங்கள். இரண்டு முனையும் குறுகலான கண்ணியாகவே முடிய வேண்டும். லாக் அவற்றின் வெளிப்பக்கம்தான் உட்காரும்.

ஃப்ரீவீல் பற்றிய கேள்விக்கு ஒரு ஸ்கேல் போதும். பழைய செயினை இழுத்துப் பிடித்து, ஓர் ஆணியின் நடுவில் ஸ்கேலின் தொடக்கத்தை வையுங்கள். 24 கண்ணி தாண்டி வரும் ஆணி சரியாக 12 அங்குலத்தில் நிற்க வேண்டும். அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு தாண்டியிருந்தால் செயின் மாற்றும் காலம் வந்துவிட்டது. எட்டில் ஒரு பங்கு தாண்டியிருந்தால் ஃப்ரீவீலையும் சந்தேகப்படுங்கள். தேய்ந்த செயின் பற்களையும் தன் அளவுக்குத் தேய்த்துவிடும். பல்லின் ஒரு பக்கம் அரிவாள் போல வளைந்திருக்கும். அதில் புதுச் செயினை மாட்டினால் மேட்டில் எழுந்து நின்று மிதிக்கும்போது பல் தாவும், கால் வழுக்கும். சிறியது என்பதால் ஃப்ரீவீல்தான் முன்னே உள்ள பெரிய பல்சக்கரத்தைவிட விரைவில் தேயும்.

தொய்ந்த செயினில் இரண்டு கண்ணியை வெட்டிச் சுருக்கி ஓட்டும் பழக்கம் எனக்கு உடன்பாடில்லை. தொய்வு போகும், மிச்சமிருக்கும் ஒவ்வொரு மூட்டிலும் தேய்மானம் அப்படியே இருக்கும். அந்தச் செயின் நல்ல பற்களைத் தின்றுகொண்டேதான் இருக்கும்.

இனி மாட்டுவது. பின்சக்கர நட்டுகளைத் தளர்த்திச் சக்கரத்தை முன்னே தள்ளுங்கள். முழுக் கவர் போட்ட வண்டியில் கவரின் பின்பகுதியைக் கழற்றினால் ஃப்ரீவீல் தெரியும். பெடலைச் சுற்றி லாக்கை அங்கே கொண்டுவந்து பிரியுங்கள். மேல்பக்கத்து முனையோடு புதுச் செயினின் ஒரு முனையைப் பழைய லாக்கால் இணைத்துக்கொண்டு, கீழ்ப்பக்கத்து முனையை மெல்ல வெளியே இழுங்கள். பழையது வெளியேற வெளியேறப் புதியது கவருக்குள் போய், பெரிய பல்சக்கரத்தைச் சுற்றி, கீழ்வழியாகத் திரும்பி வந்துவிடும். கவர் முழுவதையும் கழற்றவும் வேண்டாம், கம்பி விட்டுத் துழாவவும் வேண்டாம். புதிய முனை வெளியே வந்ததும் பழைய செயினின் வேலை முடிந்தது.

இரண்டு முனைகளையும் ஃப்ரீவீல் பற்களின் மேலேயே வைத்து இணையுங்கள். பற்கள் அவற்றைப் பிடித்துக்கொள்ளும். பழைய லாக்கின் கிளிப்பில் இறுக்கம் குறைந்திருக்கும், புதிய லாக்கையே போடுங்கள். கிளிப்புக்கு ஒரு முனை மூடியும் மறு முனை பிளந்தும் இருக்கும். செயின் ஓடும் திசையில் மூடிய முனை முன்னே போக வேண்டும். ஓடும்போது கவரிலோ குச்சியிலோ இடித்தால் அந்த இடி கிளிப்பை இறுக்கவே செய்யும். திருப்பிப் போட்டால் அதே இடி அதைக் கழற்றிவிடும். ‘மூடிய பக்கம் முன்சக்கரத்தைப் பார்க்க வேண்டும்’ என்று மனப்பாடம் செய்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: லாக் மேல் வரிசையில் இருக்கும்போது மட்டுமே அது சரி. கீழ் வரிசையில் செயின் பின்னோக்கி ஓடுகிறது. அங்கே மூடிய முனை பின்சக்கரத்தைத்தான் பார்க்கும். மூக்குக் குறட்டின் ஒரு தாடையைக் கிளிப்பின் மூடிய முனையிலும், மற்றதைப் பிளந்த பக்கத்து ஆணியிலும் வைத்து அழுத்தினால் ‘டக்’கென்று உட்காரும். அந்தச் சத்தம் கேட்காமல் விடாதீர்கள்.

இப்படி ஒவ்வொரு கண்ணியையும் நம்பித்தான் 1903இல் ரைட் சகோதரர்களின் விமானம் எழுந்தது. டேட்டன் நகரில் சைக்கிள் கடை வைத்திருந்த அவர்கள், எஞ்சினிலிருந்து இரண்டு உந்துவிசிறிகளுக்கும் செயின் வழியாகவே விசையைக் கொண்டுபோனார்கள். விசிறிகள் எதிரெதிர்த் திசையில் சுழல வேண்டும் என்பதற்காக ஒரு செயினை எட்டு வடிவில் குறுக்கிட்டு ஓடவிட்டார்கள். அந்தச் செயின்கள் இண்டியானாபோலிஸின் டைமண்ட் நிறுவனத்தில் செய்தவை. பின்னாளில் அந்த நிறுவனத்தின் கூட்டில்தான் நம் அம்பத்தூரில் டி.ஐ. டைமண்ட் செயின் தொழிற்சாலை வந்தது.

லாக் உட்கார்ந்த பிறகு, இனி தொய்வைப் பார்ப்போம். சக்கரத்தைப் பின்னே இழுத்துக் கீழ் வரிசையின் நடுவில் விரலால் தூக்கிப் பாருங்கள். மேலும் கீழுமாக அரை அங்குலம் அசைந்தால் போதும். பல்சக்கரம் அச்சு மாறாத வட்டமாக இருப்பதில்லை. பெடலை ஒரு முழுச் சுற்று சுற்றி, மிக இறுகும் இடத்தில் இந்த அளவைப் பாருங்கள். சுற்றும்போது விரல் செயினுக்குப் பக்கத்தில் இருக்கக் கூடாது. சக்கரம் ஃபோர்க்கின் நடுவில் நிற்கிறதா என்று பார்த்து நட்டுகளை முடுக்குங்கள். சக்கரம் நகர்ந்ததால் கம்பி பிரேக் வண்டிகளில் பிரேக் கட்டை ரிம்மில் படும் இடமும் மாறியிருக்கும். அதைச் சரிசெய்யாமல் வண்டியைச் சாலையில் இறக்காதீர்கள்.

புதுச் செயினை மண்ணெண்ணெயில் ஊறவைக்க வேண்டாம். தொழிற்சாலையிலேயே புஷ்ஷுக்குள் போன கிரீஸ் அதில் இருக்கிறது. ஊறவைத்தால் அது கரைந்து போய்விடும். வெளிப்பூச்சைத் துணியால் துடைத்தால் தூசி ஒட்டாது.

கியர் வண்டிச் செயின் இதைவிட ஒடுக்கமானது. அதில் தள்ளி எடுத்த ஆணியை மறுபடி அடிக்கக் கூடாது. அதற்கென்று உள்ள புது ஆணியோ இணைப்புக் கண்ணியோ வேண்டும். நீளம் கணக்கிடும் முறையும் வேறு. அதை அடுத்த வாரம் பார்ப்போம்.