பாண்தூள் இல்லாத பன்றிப் பொரியல்

கரையோரப் பங்கு ஒன்றில் நத்தார் மதிய உணவுக்கு இருந்தேன். பாண்தூளில் பிரட்டிப் பொரித்த பன்றி இறைச்சி பெரிய தட்டு நிறைய வந்தது. எனக்குப் பக்கத்தில் இருந்தவர் எழுபது வயதைக் கடந்த ஓய்வுபெற்ற ஆசிரியர். சீனி வருத்தத்தினால் முந்திய ஆண்டு காலில் இரண்டு விரல்களை இழந்தவர். ஒரு துண்டை எடுத்து, கரண்டி விளிம்பால் மேற்கோதைச் சுரண்டி ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டு, உள்ளே இருந்த வெளிறிய இறைச்சியை மட்டும் மென்றார். நான் பார்ப்பதைக் கண்டுவிட்டு, "சுவாமி, ருசி முழுக்க இந்தக் கோதிலதான் கிடக்கு. ஆனா டொக்டர் பாணைத் தொடக்கூடாதெண்டு சொல்லிப்போட்டார்" என்றார். சொல்லிவிட்டு இரண்டு அகப்பை சோறு போட்டுக்கொண்டார். அந்தச் சோற்றைப் பற்றிப் பின்னர் பேசுவோம். முதலில் கோது.

இது ஒருவருடைய கதை மாத்திரமன்று. 2005, 2006 ஆம் ஆண்டுகளில் இலங்கையில் நடத்தப்பட்ட ஆய்வொன்றில், இருபது வயதுக்கு மேற்பட்டோரில் பத்திலொருவருக்கு நீரிழிவு இருப்பதாகக் கண்டார்கள். அவர்களில் மூன்றிலொரு பங்கினருக்குத் தமக்கு அந்த வருத்தம் இருப்பதே அதுவரை தெரியாது. எமது பெருநாள் மேசைகளைச் சுற்றி இருப்போரை எண்ணிப் பார்த்தால் இக்கணக்கு விளங்கும். பெருநாள் அன்று வயதானவர்கள் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள்: ஒன்றில் மருந்தையும் ஆலோசனையையும் மறந்து எல்லாவற்றையும் உண்கிறார்கள், அல்லது மேசையிலிருந்து ஒதுங்கி இருக்கிறார்கள். இரண்டாவது மூன்று நாளைக்கு மேல் நிற்பதில்லை.

பாண் எமது பண்டம் அன்று. சொல்லே போர்த்துக்கேயருடையது. யப்பானியரும் அதே மாலுமிகளிடமிருந்து அதே சொல்லைப் பெற்று 'பான்' என்கிறார்கள். பாண்தூளை 'பான்கோ' என்பார்கள். அவர்கள் அத்தூளில் பிரட்டிப் பொரிக்கும் பன்றி இறைச்சி இன்று உலகெங்கும் பெயர் பெற்றது. எம்மிடத்தில் கட்லிஸ், றோல்ஸ் எல்லாம் அதே குடும்பம். பாணோ, றஸ்கோ, அதற்குரிய கோதுமை இந்நாட்டில் விளைவதில்லை. கப்பலில் வந்து அரைபட்டு எமது பேக்கரிகளுக்கு வந்து சேருகிறது. 2022 இல் மாவின் விலை ஏறியபோது பெருநாள் கட்லிஸைக் கைவிட்ட வீடுகளை நான் அறிவேன். ஆகவே மாற்றுத்தூள் ஒன்றைத் தேடுவதற்குச் சீனி வருத்தம் ஒன்றுதான் காரணம் என்பதில்லை.

நூறு கிராம் பாண்தூளில் ஏறத்தாழ எழுபது கிராம் மாச்சத்து. உடலில் அது விரைவாகச் சீனியாகிறது. காய்ந்த தேங்காய்த் துருவல் நூறு கிராமில் இருபத்து நான்கு கிராம் அளவே இருக்கும்; அதிலும் பதினைந்து, பதினாறு கிராம் நார். நார் சீனியாவதில்லை. கச்சானிலும் எள்ளிலும் இதே நிலைதான்: கச்சானில் பதினாறு கிராமில் பாதி நார், எள்ளில் இருபத்து மூன்றில் பாதி நார். மூன்றும் இங்கேயே கிடைப்பவை.

பெண்கள் சங்கத்தினருடன் இதைச் செய்து பார்த்தோம். முதல் முயற்சி படுதோல்வி. பச்சையாகத் திருவிய தேங்காய்ப்பூவில் பிரட்டித் தாச்சியில் போட்டதும், ஈரம் வெடித்து எண்ணெய் பாய்ந்தது. பூ கருகிற்று, உள்ளே இறைச்சி இளஞ்சிவப்பாகவே இருந்தது. இரண்டாவதாக ஒருவர் ஒடியல் மாவைக் கொண்டுவந்தார். பனையின்மேல் எனக்குள்ள பற்றைப் பலர் அறிவர். ஆயினும் உண்மையைச் சொல்லவேண்டும். ஒடியல் மாவும் மாச்சத்துத்தான். கூழுக்கு உயர்ந்தது, இக்காரியத்துக்கு உதவாது. பொரியலும் தோல்போல் இறுகிவிட்டது. கடலைமா, உழுத்தம்மா ஆகியவற்றிலும் பாதிக்கு மேல் மாச்சத்தே. 'பருப்புத்தானே' என்று ஏமாறவேண்டாம்.

மூன்றாவது முயற்சிக்கு வழி காட்டியவர் குசினியில் பால் பிழிந்துகொண்டிருந்த ஒரு தாய். பால் எடுத்தபின் மிஞ்சும் சக்கையைக் கோழிக்கு எறிவதுதானே வழக்கம். அதில் சீனியும் எண்ணெயும் பெரும்பாலும் பாலோடு போய்விடுகின்றன, மிஞ்சுவது நார். கருகுவதற்குக் காரணமான பொருள் குறைந்திருப்பதால் பொன்னிறமாகும்வரை பொறுமையோடு பொரிக்கலாம். மூன்றாம் பால்வரை பிழிந்த சக்கையைத் துணியில் இறுக்கி, சுளகில் பரப்பி இரண்டு நாள் வெயிலில் காயவைத்து, பின் வெறுந்தாச்சியில் மெல்லிய நெருப்பில் சிறிது வறுத்துக் கொண்டோம். கையில் எடுத்தால் மணல்போல் உதிரவேண்டும். இத்தூள் ஒரு கோப்பை, வறுத்துக் கொரகொரப்பாக இடித்த கச்சான் அரைக் கோப்பை, எள்ளு இரண்டு மேசைக்கரண்டி, மிளகுதூள், உப்பு. அரைக்கிலோ இறைச்சிக்கு இது போதும்.

பாண்தூளில் உள்ள மாச்சத்து முட்டையின் ஈரத்தோடு சேர்ந்து பசைபோல் ஒட்டிக்கொள்ளும். சக்கையில் அப்பசை கிடையாது. எனவே முழுப் பொறுப்பும் முட்டையின் மேல் விழுகிறது. கை வைக்கும் ஒவ்வொரு இடத்திலும் கவனம் தேவை. கொழுப்பு அதிகமில்லாத தொடைப்பகுதியில் அரை அங்குலத் தடிப்புக்கு வெட்டி, உலக்கை நுனியால் மெதுவாகத் தட்டி மெல்லியதாக்கி, உள்ளியும் தேசிக்காய்ச் சாறும் உப்பும் பூசி அரைமணி நேரம் வைத்தோம். பின்னர் ஒரு துணியால் ஈரத்தை நன்றாக ஒற்றி எடுத்தோம். இதைச் செய்யாதவருக்கு மேற்பூச்சு எண்ணெயில் கழன்று மிதக்கும், செய்தவர்கள் கண்டிருப்பார்கள். மாவுக்குப் பதிலாக நுணுக்கிய கச்சான்தூளை மெல்லியதாகத் தூவி, அடித்த முட்டையில் தோய்த்து, சக்கைத் தூளில் வைத்து உள்ளங்கையால் அழுத்தினோம். பின் அரைமணி நேரம் தட்டில் அசையாமல் விட்டோம். பூச்சு இறுகுவது அந்த அரைமணியில்தான்.

எண்ணெய் புகைய வேண்டாம். ஒரு சிட்டிகைத் தூளைப் போட்டால் உடனே மேலெழுந்து நுரைக்கவேண்டும், ஆனால் நிறம் மாறச் சற்று நேரம் எடுக்கவேண்டும். அதுவே சரியான பதம். ஒரே தடவையில் இரண்டு மூன்று துண்டுக்கு மேல் போட்டால் எண்ணெய் ஆறி, பூச்சு எண்ணெயைக் குடித்து நமுத்துவிடும். இரண்டு பக்கமும் பொன்னிறமானதும் எடுத்து, கடதாசியில் அல்லாது, காற்றோடும் சல்லடைத் தட்டில் வடியவிடுங்கள். அடியில் ஆவி தேங்கினால் மொறுமொறுப்பு ஐந்து நிமிடத்தில் போய்விடும்.

ஒரு விடயத்தில் நான் கண்டிப்பாக இருப்பேன். பன்றி இறைச்சி உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் அது பொரியல் அல்ல. திறந்தவெளியில் மலம் கழிக்கும் இடங்களில் அலைந்து திரியும் பன்றிகளின் தசையில் நாடாப்புழுவின் குடம்பிப்பைகள் இருக்கக்கூடும். கூட்டில் அடைத்து, அவித்த குசினிக் கழிவும் தவிடும் போட்டு வளர்க்கப்பட்ட பன்றியையே வாங்குங்கள். வாங்கியதையும் நன்றாக வேகவையுங்கள். தடித்த துண்டென்றால் ஒன்றை வெட்டிப் பார்த்து, சாறு தெளிந்து வருகிறதா என்று கவனிக்கவேண்டும். பூஞ்சணம் பிடித்த கச்சானைத் துடைத்துப் பாவிக்க வேண்டாம், எறிந்துவிடுங்கள். கச்சான் ஒவ்வாதவர்கள் பந்தியில் இருந்தால் அவர்களுக்கென்று எள்ளும் சக்கையும் மட்டும் சேர்த்து, வேறு எண்ணெயில் பொரியுங்கள்.

இனி அந்தச் சோறு. ஒருவருக்குரிய துண்டுகளில் ஒட்டும் பாண்தூள் இருபது கிராம் என்று வைத்தால், அதில் மாச்சத்து பதினான்கு கிராம். முந்நூறு கிராம் சோற்றில் எண்பது கிராமுக்கு மேல். ஆசிரியர் சுரண்டி ஒதுக்கியதைவிடப் பன்மடங்கை அகப்பையால் போட்டுக்கொண்டார் என்பதை அவரிடமே கணக்கிட்டுக் காட்டினேன். கணக்கு வாத்தியார், மறுக்கவில்லை. சக்கைப் பூச்சு உண்மையில் பயன் தருவது, சோற்றைப் பாதியாக்கி அந்த இடத்தை முருங்கையிலைச் சுண்டல், வெண்டிக்காய், பச்சை வெங்காயச் சம்பல் என்பவற்றால் நிரப்பும்போதுதான். பொரியல் பொரியல்தான், கொழுப்பு அதில் குறையவில்லை. பெருநாளுக்கு உரியது, நாளாந்தம் அல்ல. இன்சுலின் ஏற்றுவோரும் சில வகைக் குளிசை எடுப்போரும் மாச்சத்தைத் திடீரெனக் குறைத்தால் சீனி தாழ்ந்து மயக்கம் வரலாம். அவர்கள் முன்கூட்டியே தமது வைத்தியருடன் பேசிக்கொள்ள வேண்டும்.

பன்றி உண்ணாத குடும்பங்கள் இதே பூச்சைக் கோழி நெஞ்சுக்கும், முள் நீக்கிய அறக்குளாவுக்கும், கணவாய் வளையங்களுக்கும் பாவிக்கலாம். கணவாய்க்கு ஒரு நிமிடமே போதும். காய்ந்த சக்கைத்தூள் மூடிய தகரத்தில் இரண்டு வாரம் நிற்கும். அதன்மேல் வைத்தால் எஞ்சிய எண்ணெய் சிக்கு மணம் பிடிக்கும்.

ஆசிரியர் இப்போது சக்கையை வீட்டிலேயே காயப்போடுகிறாராம். கோழிகளுக்கு ஒன்றும் மிஞ்சுவதில்லை என்று அவருடைய மனைவி என்னிடம் குறைசொன்னார்.