எந்த வீடு சிக்கனமானது?

சென்னையில் ஒரு வீடு இரண்டு மாதத்துக்கு 600 யூனிட் மின்சாரம் செலவழிக்கிறது, ஊட்டியில் அதே அளவுள்ள வீடு 200 யூனிட்டோடு நின்றுவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஊட்டிக்காரர்கள் சிக்கனமானவர்கள் என்று சொல்லிவிடலாமா? கூடாது. முதலில் இரண்டு ஊர்களின் வானிலையைக் கணக்கிலிருந்து கழிக்க வேண்டும்.

அதற்குப் பயன்படும் அளவுகோல் ‘டிகிரி நாள்’. 18 டிகிரி செல்சியஸை அடிப்படையாக வைத்தால், சராசரி வெப்பநிலை 31 டிகிரியாக இருக்கும் ஒரு நாள் 13 குளிரூட்டல் டிகிரி நாட்களைத் தரும். சராசரி 14 டிகிரியாக இருக்கும் மலையூரின் ஒரு நாள் 4 வெப்பமூட்டல் டிகிரி நாட்களைத் தரும். ஆண்டு முழுவதும் இப்படிக் கூட்டினால், அந்த ஊர் வீடுகள் வெயிலோடும் குளிரோடும் எவ்வளவு போராடுகின்றன என்பது தெரியும். குறை ஒன்று உண்டு: கடலோரப் புழுக்கம் இந்தக் கணக்கில் வராது.

வானிலையைக் கழித்த பிறகும் வித்தியாசம் மிஞ்சுமா? 1970களில் அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில், ட்வின் ரிவர்ஸ் என்ற குடியிருப்பில் ராபர்ட் சோக்கலோ தலைமையிலான பிரின்ஸ்டன் பல்கலைக்கழகக் குழு இதை ஆராய்ந்தது. ஒரே அச்சில் கட்டிய வரிசை வீடுகள், வானிலையும் ஒன்றே. ஆனாலும் ஒரு வீட்டின் எரிவாயுச் செலவு இன்னொன்றைவிட இரண்டு மடங்குக்கும் மேல் இருந்தது. குடியிருப்பவர்கள் மாறியபோது செலவும் மாறியது.

அதே பல்கலைக்கழகத்தின் மார்கரெட் ஃபெல்ஸ் ‘பிரிசம்’ என்ற முறையை வளர்த்தெடுத்தார். பழைய பில்களையும் அன்றாட வெப்பநிலையையும் அருகருகே வைத்தால் மூன்று எண்கள் கிடைக்கும்: எந்தப் பருவத்திலும் மாறாத அடிப்படைச் செலவு, வெளியே எந்த வெப்பநிலையில் வெப்பமூட்டும் அல்லது குளிரூட்டும் கருவி ஓடத் தொடங்குகிறது, அதன் பிறகு ஒவ்வொரு டிகிரிக்கும் எவ்வளவு கூடுகிறது. வீட்டுக்குள் போகாமலேயே சுவரும் கருவியும் பழக்கமும் சேர்ந்து செய்யும் வேலையை இவை காட்டிக்கொடுக்கும்.

வானிலையைக் கணக்கில் எடுப்பது நம் நாட்டுக் கட்டட விதிகளிலும் உண்டு. இந்தியாவைக் கட்டடக் கலைஞர்கள் ஐந்து காலநிலை மண்டலங்களாகப் பிரிக்கிறார்கள். 2018இல் வந்த ‘எக்கோ நிவாஸ் சம்ஹிதா’ விதி, குளிர் மண்டலம் தவிர மற்றவற்றில், சுவர், ஜன்னல் வழியே வீட்டுக்குள் வரும் வெப்பத்துக்குச் சதுர மீட்டருக்கு 15 வாட் என்று வரம்பு வைத்தது. ஏசியின் நட்சத்திரக் குறியீடோ நாடு முழுவதற்கும் ஒன்றுதான். 24 முதல் 43 டிகிரி வரையிலான வெளி வெப்பத்தில், ஆண்டுக்கு 1,600 மணி நேரம் ஓடும் என்ற அனுமானத்தில் அது கணக்கிடப்படுகிறது. இரண்டு ஏசிகளில் எது மேல் என்று அது சொல்லும். உங்கள் ஊரில் உங்களுக்கு எவ்வளவு பில் வரும் என்று சொல்லாது.

இன்னொரு பொறியும் இருக்கிறது. தகரக் கூரைக்குக் கீழே ஒற்றை மின்விசிறியோடு கோடையைத் தள்ளும் குடும்பத்தின் பில் மிகக் குறைவாக இருக்கும். அதைத் திறன் என்று புள்ளிவிவரத்தில் எழுதினால், அது அந்தக் குடும்பத்துக்கு இழைக்கும் அநீதி. செலவான யூனிட்டுக்கு எவ்வளவு குளிர்ச்சி, எவ்வளவு வெளிச்சம் கிடைத்தது என்பதுதான் திறன். அதனால்தான் 2020இல் 21 மாநிலங்களில் ஏறக்குறைய 15,000 வீடுகளில் நடந்த இந்திய வீட்டு எரிசக்திக் கணக்கெடுப்பு போன்ற முயற்சிகள் மீட்டரோடு நிற்காமல், வீட்டில் என்னென்ன கருவிகள் உள்ளன, எவ்வளவு நேரம் ஓடுகின்றன என்றும் கேட்கின்றன.

உங்கள் வீட்டுக் கணக்கை நீங்களே போடலாம். ஓராண்டின் ஆறு பில்களை எடுங்கள். மார்கழி, தை மாதங்களின் செலவு ஏறக்குறைய உங்கள் அடிப்படைச் செலவு. கீசர் ஓடினால் அதைக் கழித்துக்கொள்ளுங்கள். அக்னி நட்சத்திரக் காலத்தில் அதற்கு மேல் ஏறுவது பெரும்பாலும் குளிர்ச்சிக்கான செலவு. அடிப்படையே அதிகமென்றால் பழைய ஃபிரிட்ஜையும் மின்விசிறிகளையும் பாருங்கள். 75 வாட் மின்விசிறி நாளுக்கு 12 மணி நேரம் ஓடினால் 60 நாளில் 54 யூனிட் ஆகும். 28 வாட் பி.எல்.டி.சி. (பிரஷ் இல்லாத மோட்டார்) மின்விசிறிக்கு 20 யூனிட் போதும். கோடையில் மட்டும் எகிறுகிறதென்றால் மொட்டை மாடிக்கு வெள்ளைப் பூச்சும் மேற்கு ஜன்னலுக்கு நிழலும் கொடுங்கள். பக்கத்து வீட்டு பில்லோடு ஒப்பிடுவதை விட்டு, உங்கள் வீட்டின் சென்ற ஆண்டு பில்லோடு ஒப்பிடுங்கள்.