தை பிறந்தால் பால் குறையும்

தை பிறந்தால் வழி பிறக்கும் என்பது வயலில் பிறந்த பழமொழி. காவிரிக் கரையில் ஜனவரி மாதம் சம்பா அறுப்பு நடக்கும். களத்தில் நெல் குவியும், கடன் அடையும், வீட்டில் கல்யாணப் பேச்சு தொடங்கும். கப்பலேறி மலாக்காவுக்கு வந்த நம் முன்னோர் இந்தப் பழமொழியையும் கூடவே கொண்டுவந்தார்கள். ஆனால் இங்கே அவர்கள் கையில் ஏறியது அரிவாள் இல்லை, ரப்பர் மரத்தில் பால் வெட்டும் உளி.

1896இல் டான் சாய் யான் என்பவர் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் பயிரிட்டார். மலாயாவில் வியாபாரத்துக்காகப் போட்ட முதல் ரப்பர் தோட்டம் அதுதான். ரப்பர் மரத்துக்குத் தையும் மாசியும் எப்படிப்பட்ட மாதங்கள் தெரியுமா? இலையெல்லாம் பழுத்து உதிரும். பால்மரக் காடே மொட்டையாகிவிடும். பிறகு செம்பு நிறத்தில் தளிர் விடும். தளிர் வளர மரத்துக்குச் சர்க்கரை வேண்டும். ரப்பர் பாலும் அதே சர்க்கரையிலிருந்துதான் உண்டாகிறது. இருப்பதைத் தளிர் எடுத்துக்கொண்டால் பால் பிடிக்கும் மங்கில் என்ன விழும்? பால் குறைந்தால் கூலியும் குறையும். ஜாசின், அலோர் காஜா பக்கத்துத் தோட்ட லய வீடுகளில் பொங்கல் பொங்கியது கை இறுக்கமான நேரத்தில்தான். பழமொழியைக் குறை சொல்லாதீர்கள். அது நெல்லைப் பார்த்துச் சொன்னது.

அந்தி மழை அழுதாலும் விடாது என்றும் சொல்வார்கள். பால் வெட்டுபவருக்கு அந்தி மழையைவிட விடியற்கால மழைதான் பெரிய எதிரி. காரணம் மரத்துக்குள் இருக்கிறது. இரவில் இலைகள் வெளியே விடும் நீராவி குறைவு. வேர் இழுத்த தண்ணீர் உள்ளேயே தங்குவதால் பட்டைக்குள் இருக்கும் பால் குழாய்கள் விம்மி நிற்கும். விடியும் முன் அவற்றின் அழுத்தம் 10 முதல் 15 வளிமண்டலம் வரை இருக்கும். கார் டயருக்கே ஏறக்குறைய 2தான்! உளி பட்டதும் பால் முத்து முத்தாகத் துளிர்த்து, வெட்டிய கோட்டின் வழியே மங்குக்கு ஓடும். வெயில் ஏறினால் அழுத்தம் இறங்கிவிடும். அதனால்தான் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு இருட்டிலேயே நடக்கும். அந்த நேரத்தில் பட்டை நனைந்திருந்தால் பால் கோட்டில் நிற்காது. மரமெங்கும் வழிந்து வீணாகும்.

மலாக்காவுக்கு அந்த விடியற்கால மழையை அனுப்புவது எதிர்க்கரை. இரவில் சுமத்ராவிலிருந்தும் நம் கரையிலிருந்தும் நிலக்காற்று கடலை நோக்கி வீசும். இரண்டும் நடுவிலுள்ள மலாக்கா நீரிணையின் மேல் மோதி, ஈரக்காற்று மேலெழும்பி, மேகங்கள் வரிசைகட்டும். தென்மேற்குக் காற்று அவற்றை நம் பக்கம் தள்ளும். ஏப்ரல் முதல் நவம்பர் வரை இதற்குக் காலம். ஆடி மாதமும் அதற்குள் வருகிறது. ஊரில் ‘ஆடிப் பட்டம் தேடி விதை’ என்று சொல்லி மழைக்காக வானத்தைப் பார்த்தவர்கள், இங்கே அதே ஆடியில் மழை வேண்டாமே என்று பார்த்தார்கள்.

இந்த மேக வரிசைக்குப் பெயரே சுமத்ராதான். மலேசிய வானிலைத் துறையின் ராடார் படத்தில் அது நீரிணையைக் கடந்து வருவதைப் பார்க்கலாம். விடிகாலையில் எழுந்தால் அம்மாவின் கைப்பேசியில் தேடிப் பாருங்கள். பள்ளிக்குக் குடை வேண்டுமா என்று நீங்களே சொல்லிவிடலாம்.